மூன்று வாரம் மூடிக்கொண்டேயிருந்த நிரல்கள்: ஒரு வீட்டுக் கணினியைச் சீர்செய்த பதிவு

2025 மார்ச் கடைசி வாரத்தில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக் கணினியில் நிரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளத் தொடங்கின. முதல் நாள் குரோம் உலாவியின் ஒரு தாவல் மட்டும் செத்துப்போய்ச் சாம்பல் நிறமாக நின்றது. மறுநாள் இன்டிசைன், அதற்கடுத்த நாள் மகளின் ஸூம் வகுப்பு, பிறகு கோப்புறைகளைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் என நோய் ஒவ்வொன்றாகத் தொற்றியது. கணினி முழுவதுமாக நின்றுபோவது அரிது; நீலத்திரை அந்த மூன்று வாரத்தில் இரண்டே முறைதான் வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எந்த அறிவிப்பும் இல்லாமல், சாளரம் மறைந்துவிடும். கோயில் திருவிழா மலர் ஒன்றின் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த எனக்கு, பாமினி எழுத்துருவில் வந்து சேர்ந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றித் திருத்திய அரை நாள் உழைப்பு இப்படி இரண்டு தடவை காணாமல் போனது.

கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019இல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் பாகங்களாக வாங்கிப் பூட்டியது. ரைசன் 5 2600 புரொசசர், பி450 வகை மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 ரெம் (கணினியின் நினைவகம்), கோப்புகளைச் சேமிக்கும் வட்டாக ஒரு எஸ்எஸ்டி. இந்தப் புரொசசருக்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது என்பதால் சிறிய கிராபிக்ஸ் அட்டை ஒன்றும் இருந்தது. 2021இல் மகளின் பாடங்கள் எல்லாம் இணையத்துக்கு வந்தபோது 8 ஜிபி போதாமல் போனதால், இன்னொரு 8 ஜிபி ரெம் வாங்கிச் சேர்த்தேன். முதலாவதும் இரண்டாவதும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள்; அன்று கடையில் இருந்தது அதுதான். இப்படிக் கலந்து போடுவது வில்லங்கம் என்று அறிந்த அனுபவமுள்ளவர்கள் இந்த இடத்திலேயே தமக்குள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒன்றாக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடின என்பதும் உண்மை. அதனால்தான் கடைசிவரை அவற்றின் மீது எனக்குச் சந்தேகம் எழவில்லை.

வவுனியாவில் இருக்கும் தம்பிக்குத் திரையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியபோது வைரஸ் என்றான். பக்கத்து வீட்டுக்காரரும் வைரஸ் என்றார். நம்மிடையே கணினிக்கு வரும் நோய் அது ஒன்றுதான். வைரஸ் தேடலை இரண்டு முறை முழுமையாக ஓடவிட்டும் எதுவும் அகப்படாததால், நான் வழக்கமாகப் போகும் கடைக்கே கணினியைத் தூக்கிச் சென்றேன். அங்கிருந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்மட் பண்ணி விண்டோஸ் 11 போட்டுவிடுவம் அண்ணா, பத்துக்கு எப்படியும் ஒக்டோபரோட காலம் முடியுது" என்றார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடியவிருந்தது என்பதால் அந்தப் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. என் கோப்புகளை வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளைத் திரும்ப ஏற்றி, ஏப்ரல் 4ஆம் திகதி கையில் தந்தார். 6ஆம் திகதி காலை குரோம் மூடிக்கொண்டது, பிற்பகலில் இன்டிசைன்.

போர்மட் செய்ததில் பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. விண்டோஸ் தன் ஒவ்வொரு செயலிழப்பையும் நாள்வாரியாகக் குறித்துவைக்கிறது. ரிலையபிலிட்டி மொனிட்டர் என்ற பகுதியைத் திறந்தால், எந்த நாளில் எந்த நிரல் விழுந்தது, அதற்கு முந்தைய நாளில் கணினியில் என்ன மாற்றம் நடந்தது என்பவை ஒரு நாட்காட்டியைப் போல வரிசையாகத் தெரியும். நோய் எந்தத் திகதியில் ஆரம்பித்தது என்ற கேள்விக்கு அது ஒரு நொடியில் விடை சொல்லியிருக்கும். நாங்கள் வட்டை அழித்தபோது அந்தச் சாட்சியையும் சேர்த்து அழித்துவிட்டோம். பழுது தேடும் வேலையில் போர்மட் என்பது கடைசியில் செய்ய வேண்டியது என்று இப்போது எனக்குத் திடமான கருத்து உண்டு. அது பல வேளைகளில் பலன் தரவும் செய்கிறது. ஆனால் பலன் தராதபோது, கையிலிருந்த தடயங்களையும் கொண்டுபோய்விடுகிறது.

இதற்குப் பிறகுதான் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை நிரல் மூடிக்கொண்டதும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவேட்டில் 1000 என்ற எண்ணுடன் விழுந்திருக்கும் பிழைக்குறிப்பைத் தேடி, நேரம், நிரலின் பெயர், பிழை நிகழ்ந்த உட்கோப்பின் பெயர், குறியீடு ஆகிய நான்கையும் எழுதினேன். ஐந்து நாளில் இருபத்தாறு பதிவுகள் சேர்ந்தன. குரோமும் இன்டிசைனுமே பெரும்பாலானவை. பிழைக்குறியீடுகளில் அதிகம் வந்தது பூச்சியம் எக்ஸ் சி என்று தொடங்கி 0000005 என்று முடிவது. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை நிரல் தொட முயன்றது என்பது அதன் பொருள். மூன்று இடங்களில் 0000374 என்று முடிவது வந்தது; நிரல் தனக்காக ஒதுக்கிவைத்திருந்த நினைவகப் பகுதி சிதைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. ஒரேயொரு முறை 000001டி என்று முடிவது வந்தது. அது புரொசசருக்கே விளங்காத கட்டளை ஒன்று வந்து சேர்ந்தது என்ற முறைப்பாடு.

தனித்தனியே பார்த்தால் இவை எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. முதற்குறியீடு மோசமாக எழுதப்பட்ட எந்த நிரலிலும் வரக்கூடியதுதான். ஆனால் இருபத்தாறு வரிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. விழுகின்ற நிரல்கள் பெரும்பாலும் அவையேதான். விழுகின்ற இடம் ஒருபோதும் அதேயில்லை. குரோம் ஒரு முறை தன் சொந்த உட்கோப்பில் விழுந்தது, அடுத்த முறை விண்டோஸின் என்டிடிஎல்எல் கோப்பில், அதற்கடுத்த முறை எழுத்துருவை வரையும் பகுதியில். நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் அது அதே படியில்தான் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். வேறு வேறு படிகளில் விழுகிறதென்றால் பிழை நிரலில் இல்லை, அது நடக்கும் தரையில் இருக்கிறது. விளங்காத கட்டளை என்று வந்த அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏனெனில் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் நிரல் ஒன்று இல்லாத கட்டளையைத் தானாக அனுப்புவது மிக அரிது. வழியில் எங்கோ எழுத்து மாறியிருக்க வேண்டும்.

மாறியிருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற சோதனையை ஓடவிட்டபோது, சிதைந்த அமைப்புக் கோப்புகள் சில இருந்ததாகவும் அவற்றைத் திருத்திவிட்டதாகவும் அது அறிவித்தது. ஒரு வாரம்கூட ஆகாத புத்தம்புதிய விண்டோஸில் சிதைந்த கோப்புகள் எப்படி வந்தன? மறுநாள் மீண்டும் ஓடவிட்டேன். மீண்டும் சில கோப்புகளைத் திருத்தியதாகச் சொன்னது. அதுவரை, புதிய விண்டோஸையும் கெடுப்பது எந்த நிரல் என்று தேடிக்கொண்டிருந்த நான், அத்துடன் மென்பொருளைத் தேடுவதை நிறுத்தினேன்.

அதற்குள் சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டது. 12ஆம் திகதி போயா, 13உம் 14உம் புத்தாண்டு விடுமுறை. அந்த நாட்களில் கொழும்பில் பழுதுபார்க்கும் கடையைத் தேடுவது வீண் வேலை; காலி வீதியே வெறிச்சோடிக் கிடக்கும், திறந்த கடைகளும் அதற்கடுத்த வாரம்தான் முழு ஆளுடன் இயங்கும். மலரை மாத முடிவுக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எனவே கணினியின் பக்கப் பலகையை நானே கழற்றினேன்.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னதும் நினைவிருக்கும். அன்று என் யூபிஎஸ் சிறிது நேரம் கத்திவிட்டு அணைந்துபோனது, கணினியும் அதோடு அணைந்தது. எனவே பழியை நானும் அந்தக் குரங்கின் மேல் போட ஆயத்தமாக இருந்தேன். மல்டிமீட்டரால் பவர் சப்ளையின் நான்கு முனை இணைப்பில் மஞ்சள் வயரையும் கறுப்பு வயரையும் அளந்தபோது 12.1 வோல்ட் காட்டியது, சிவப்பில் 5.03 வோல்ட். கணினிக்கு முழு வேலை கொடுத்து அளந்தபோதும் 12 வோல்ட்டுக்கு மிக அருகிலேயே நின்றது. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரநிலையின்படி 5 வீதம் கூடலாம், குறையலாம். அந்த எல்லைக்குள் இது நன்றாகவே அடங்குகிறது. மல்டிமீட்டர் மிகச் சிறிய நேரத்துக்கு ஏற்படும் தளும்பலைக் காட்டாது என்பது தெரியும். ஆனால் பவர் சப்ளை கெட்டால் கணினி முழுவதும் அணைவதோ மீளத்தொடங்குவதோதான் வழக்கம். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குரங்கை விடுவித்தேன்.

அடுத்தது வெப்பமும் உப்பும். ஏப்ரலில் கொழும்பு எப்படி வேகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு மரீன் டிரைவுக்கு மிக அருகில் இருப்பதால், கடற்காற்று யன்னல் கம்பிகளை இரண்டு ஆண்டுக்கொருமுறை துருவாக்கிவிடும். அதே காற்றுத்தான் கணினிக்குள்ளும் போகிறது. புரொசசர் விசிறியில் ஒட்டியிருந்த தூசி ஈரத்தோடு சேர்ந்து கம்பளிபோல ஆகியிருந்தது. விசிறியைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் சுத்தம் செய்தேன். பிடிக்காமல் ஊதினால் அது அளவுக்கு மீறிச் சுழலும். சுத்தம் செய்தபின் முழு வேலையில் புரொசசர் 70 பாகை செல்சியஸ் அளவில் நின்றது; அதன் எல்லை 95 பாகை. ரெம் அட்டைகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்தேன். பலர் அழிறப்பரால் தேய்ப்பார்கள். அது பலன் தந்தாலும், மெல்லிய பொன் முலாமையும் சிறிது சிறிதாக எடுத்துவிடும் என்பதாலும், ரப்பர்த் துகள் ஸ்லொட்டுக்குள் விழும் என்பதாலும் நான் தவிர்த்தேன். எல்லாவற்றையும் பூட்டி இயக்கியபோது கணினி முன்பைவிட அமைதியாக இருந்தது. அரை மணி நேரத்தில் குரோம் மூடிக்கொண்டது.

அன்று மாலை செய்த சோதனையை, இதே நிலையில் இருக்கும் எவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டும் என்பேன். ஏனெனில் அதற்குத் திருகாணி முடுக்கியும் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11 நிறுவற் கோப்பு ஒன்று என்னிடம் இருந்தது. 5 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பெரிய கோப்பு. அதன் எஸ்எச்ஏ256 கைரேகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணிக்கப்படும் எண்ணை, மைக்ரோசொஃப்ட்டே பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் என்ற கருவியால் அந்தக் கைரேகையை நாமும் கணித்துப் பார்க்கலாம். முதல் முறை சரியாக வந்தது. இரண்டாம் முறையும் சரி. மூன்றாம் முறை முற்றிலும் வேறொரு எண் வந்தது. நான்காம் முறை மீண்டும் சரி. ஒரு கோப்பை யாரும் தொடாமல் இருக்கும்போது அதன் கைரேகை மாறுவதற்கு வழியே இல்லை. 5 ஜிபியில் ஒரேயொரு பிட் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும் என்பதால், எங்கோ ஒரு பூச்சியம் ஒன்றாகவோ, ஒன்று பூச்சியமாகவோ படிக்கப்பட்டிருக்கிறது. இது எஸ்எஸ்டியின் பிழையா என்று பார்க்க, அதே கோப்பை வெளி வட்டில் வைத்துக் கணித்தேன். ஏழு தடவையில் இரண்டு தடவை தவறாக வந்தது. இரண்டு வட்டுகளும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகக் கெடுவது நம்பக்கூடியதல்ல. மிஞ்சியவை புரொசசரும் ரெம்மும்.

விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையை மறுநாள் அதிகாலையில் ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை என்றது. அந்தச் சோதனை சாதாரண நிலையில் இரண்டு சுற்றுகளே ஓடுகிறது. எஃப்1 விசையை அழுத்தி விரிவான சோதனையைத் தெரிவு செய்யலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது பிழை இருப்பதாகச் சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் அதை ஒரு தீர்ப்பாக எடுக்கக்கூடாது. வீட்டுக் கணினிகளில் போடும் சாதாரண ரெம்மில் தன் பிழையைத் தானே கண்டறியும் ஈசிசி வசதி இல்லை. ஒரு பிட் மாறினால் அது மாறியது என்று மதர்போர்ட்டுக்கோ விண்டோஸுக்கோ யாரும் சொல்வதில்லை. ஆகையால் வன்பொருள் பிழைகளுக்கான பதிவேட்டில் ஒரு வரியும் இல்லாமலிருந்ததும் எதையும் நிரூபிக்கவில்லை.

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச, திறமூலக் கருவியைப் பென் டிரைவில் எழுதிக்கொண்டேன். என் கணினியில் அது இயங்குவதற்கு, மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்பு நிரலான பயோஸில், அறிமுகமில்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருந்தது. இது விண்டோஸுக்கு வெளியே, தனியாக இயங்கி, ரெம் முழுவதிலும் வெவ்வேறு கோலங்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. 13ஆம் திகதி இரவு அதை ஓடவிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் எழும்பிப் பார்த்தபோது முதற்சுற்று பிழையின்றி முடிந்திருந்தது, ஏமாற்றமாகக்கூட இருந்தது. காலையில், வீடே மருத்துநீர் வைத்து முழுகும் அவசரத்தில் இருந்தபோது, திரையில் சிவப்பு வரிகள் நிறைந்திருந்தன. எழுதிய மதிப்பு ஒன்று, படித்த மதிப்பு வேறொன்று என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பிழைகள். பெரும்பாலானவை, தரவைத் தொகுதி தொகுதியாக இடம் மாற்றும் சோதனையில் வந்தவை. புத்தாண்டு அன்று காலை சிவப்பு வரிகளைப் பார்த்து மகிழ்ந்தவன் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

இனி எளிது என்று நினைத்தேன். இரண்டு அட்டைகளில் ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடித்தால் முடிந்தது. 2021இல் வாங்கியதைக் கழற்றி, பழையதை மட்டும் ஏ2 ஸ்லொட்டில் வைத்து நான்கு சுற்று ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. எனவே குற்றவாளி புதியது என்ற முடிவோடு அதை மட்டும் வைத்து ஓடவிட்டேன். அதிலும் ஒரு பிழையும் இல்லை. ஸ்லொட் கெட்டிருக்குமோ என்று இருவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பி2வில் வைத்தேன். நான்கு சோதனைகள், நாள் முழுவதும், பிற்பகல் வெயிலிலும், எல்லாம் சுத்தம். இரண்டையும் சேர்த்து வைத்ததும் ஒன்றரை மணி நேரத்தில் சிவப்பு வரிகள் திரும்பின. தனித்தனியே உத்தமர்கள், சேர்ந்தால் சண்டை. புரொசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி கெட்டுவிட்டது, புதுப் புரொசசர் வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு அன்றிரவு ஏறக்குறைய வந்துவிட்டேன்.

காப்பாற்றியது மகள். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் அவள் தன் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். நான் கொப்பியில் எழுதியதெல்லாம் பிழைகளின் எண்ணிக்கையை மட்டும்தான். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தவள், "அப்பா, இதில மேல 2666 எண்டு இருக்கு, ரெண்டும் போட்ட படத்தில மட்டும் 3200 எண்டு இருக்கு, அது ஏன்?" என்று கேட்டாள். மெம்டெஸ்ட்86+ திரையின் மேற்பகுதியில் ரெம் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தையும் காட்டுகிறது. நான் கீழே சிவப்பு வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய அட்டையை எடுத்து அதன் ஒட்டுத்தாளைப் படித்தேன்: டிடிஆர்4, 2666, 1.2 வோல்ட். 2021இல் வாங்கியதில் 3200 என்றும் 1.35 வோல்ட் என்றும் இருந்தது. ஒவ்வொரு ரெம் அட்டையிலும் தான் எந்த வேகங்களில் ஓடக்கூடியவன் என்ற விபரத்தைத் தாங்கிய சிறு சில்லு ஒன்று உண்டு. டிடிஆர்4க்குப் பொதுத் தரநிலை வகுத்த ஜெடெக் அமைப்பின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். அதற்கு மேற்பட்ட வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தயாரிப்பாளர் தனியாக எழுதிவைப்பதை எக்ஸ்எம்பி என்கிறார்கள். அது பயோஸில் நாமாக இயக்கினால் அன்றித் தானாக இயங்காது. என் பயோஸில் அது இயக்கப்பட்டிருந்தது. புதிய அட்டையின் எக்ஸ்எம்பியைப் படித்த மதர்போர்ட், 2666க்கு மேல் ஓடுவேன் என்று ஒருபோதும் சொல்லாத பழைய அட்டையையும் 3200இல் இழுத்து ஓட்டியது. மாட்டுவண்டியின் ஒரு பக்க நுகத்தில் குதிரையைப் பூட்டிய கதைதான். ரைசன் 5 2600க்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் நினைவக வேகமே அதிகபட்சம் 2933தான் என்பதால், புரொசசரும் தன் வாக்குறுதிக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

தனித்தனிச் சோதனைகள் ஏன் பிழையின்றி முடிந்தன என்பதும் இப்போது விளங்கியது. பழையது தனியாக இருந்தபோது அதில் எக்ஸ்எம்பியே இல்லாததால் மதர்போர்ட் 2666க்கு இறங்கிவிட்டது. புதியதைத் தனியாகப் போட்டபோதும் என் மதர்போர்ட் ரெம் மாறியதைக் கண்டு பாதுகாப்பான வேகத்திலேயே நின்றது. இரண்டையும் சேர்த்ததும் முன்னர் சேமித்திருந்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றுகிறேன் என்று நம்பி நான் செய்த சோதனையில், எனக்குத் தெரியாமலே இரண்டு பொருள்கள் மாறிக்கொண்டிருந்தன. இதைவிட வெட்கமான விடயம், விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் வேகம் 3200 என்று எழுதியே இருந்தது. எத்தனை ஜிபி செலவாகிறது என்று பார்க்க அந்தப் பக்கத்தை நான் தினமும் திறந்திருக்கிறேன்.

நான்கு ஆண்டு ஓடிய கணினியில் எக்ஸ்எம்பி திடீரென எப்படி வந்தது? மேசை லாச்சியில் கடையின் பற்றுச்சீட்டு இருந்தது: மார்ச் 25, பயோஸ் பற்றரி மாற்றியது. மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்துபோய், கணினியைப் போடும்போதெல்லாம் திகதி பழைய ஆண்டுக்குப் போய், உலாவி ஒவ்வொரு தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுத்துக்கொண்டிருந்ததால் அதை மாற்றக் கொடுத்திருந்தேன். பற்றரி மாற்றியபின் பயோஸ் அமைப்புகளை மீண்டும் பதிய வேண்டும். அப்போதுதான் அந்த ஒரு வரியும் இயக்கப்பட்டிருக்கிறது. வவுனியாத் தம்பிக்கு நான் அனுப்பிய முதல் வட்ஸ்அப் படத்தின் திகதியைத் தேடிப் பார்த்தேன்: மார்ச் 26. அழிந்துபோன ரிலையபிலிட்டி மொனிட்டர் சொல்லியிருக்க வேண்டியதை வட்ஸ்அப் சொன்னது.

திருத்தம் அரை நிமிட வேலை. பயோஸில் எக்ஸ்எம்பியை அணைத்ததும் இரண்டு அட்டைகளும் 2666இலும் 1.2 வோல்ட்டிலும் ஒத்துப்போயின. அன்றிரவும் அடுத்த நாள் பிற்பகலுமாக மெம்டெஸ்ட்86+ எட்டுச் சுற்று ஓடியது, பிழை இல்லை. ஆசை விடாமல் 2933ஐக் கையால் அமைத்துப் பார்த்தேன். ஆறாவது சுற்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரேயொரு சிவப்பு வரி வந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டி, நேர இடைவெளிகளைத் தளர்த்தி அதையும் நிலைநிறுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கோயில் மலருக்கு எழுத்துக் கோர்க்கும் கணினிக்கு அந்த வேகம் எதற்கு என்று 2666க்கே திரும்பிவிட்டேன். கைரேகைக் கணிப்பு இருபது தடவையும் ஒரே எண்ணைத் தந்தது. டிஸ்ம் கருவியால் விண்டோஸின் மூலக்கோப்புகளைச் சீர்செய்து, எஸ்எஃப்சியை ஒரு முறை ஓடவிட்டேன். இரண்டாம் முறை ஓடவிட்டபோது சிதைவு எதுவும் இல்லை என்றது. இதை எழுதும்வரை ஈவென்ட் வியூவரில் 1000 என்ற எண் ஒரேயொரு முறை வந்திருக்கிறது. அது பழைய அச்சு இயந்திரத்தின் மென்பொருள், அது எப்போதும் விழும்.

இதோடு முடிந்தது என்று விட்டிருந்தால் பெரிய தவறு நேர்ந்திருக்கும். கடையில் போர்மட் செய்தபோது என் கோப்புகள் அனைத்தும் இந்தக் கெட்ட நினைவகத்தின் வழியாகவே வெளி வட்டுக்குப் போய், அதே வழியாகவே திரும்பி வந்தன. படிக்க மட்டும் செய்த கோப்புக்குச் சேதமில்லை. நகலெடுத்ததும் சேமித்ததும் ஆபத்துக்குரியவை. மார்ச் 23இல் எடுத்த காப்பு நகல் ஒன்று தனி வட்டில் இருந்தது. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் இரண்டு பக்கத்துக் கோப்புகளுக்கும் கைரேகைப் பட்டியல் எடுத்து, அந்த நாளுக்குப் பிறகு நான் தொடாதவற்றை மட்டும் ஒப்பிட்டேன். பதினான்கு கோப்புகள் மாறியிருந்தன. அவற்றில் ஒன்பது படங்கள். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் படம் ஒன்றின் கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். அவற்றைக் காப்பு நகலிலிருந்து மீட்டுவிட்டேன். மார்ச் 23க்குப் பிறகு உருவாக்கிய ஆவணங்களுக்கு ஒப்பிட நகல் இல்லை. வேர்ட் கோப்புகள் உள்ளே சுருக்கப்பட்ட பொதிகள் என்பதால் கெட்டிருந்தால் திறக்கும்போதே முறையிடும். ஆனால் வெறும் எழுத்துக் கோப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகையால் மலரின் கட்டுரைகள் அனைத்தையும் மூலப் பிரதிகளோடு வரிவரியாக மறுபடியும் ஒப்புநோக்கினேன். மூன்று நாள் எடுத்தது. கண்டுபிடித்த பிழைகள் எல்லாம் என்னுடையவையே.

கடைத் தம்பியிடம் ஏப்ரல் கடைசியில் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "ரெம்மில 3200 எண்டு இருந்திச்சு, சும்மா குறைய ஓடுதே எண்டு போட்டுவிட்டன் அண்ணா" என்றார். அவர் பார்த்தது வெளிப்பக்கத்தில் ஒட்டுத்தாள் தெரிந்த ஓர் அட்டையை மட்டும்தான். போர்மட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார், பாதியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கணினியின் பக்கப் பலகையின் உட்புறத்தில் கடதாசி ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, இரண்டு ரெம்களின் வேகத்தையும், எக்ஸ்எம்பியை இயக்க வேண்டாம் என்பதையும் எழுதினேன். அடுத்த தடவை இதைத் திறப்பவர் யார் என்று தெரியாதென்பதால், அதன் கீழே மகள் அதையே சிங்களத்திலும் எழுதிவைத்தாள்.